நடு மாடிப் படியில் சுந்தரம்மா

சுந்தரம்மா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் வெங்கடசாமியின் தம்பி கோவர்த்தனனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். திருப்பதி கொர்லகுண்டாவில் என் பிள்ளை ரமணாவும் அவள் பிள்ளை நாகேந்திரனும் சேர்ந்து கட்டின வீடு இது. மூன்று அடுக்கு. கீழ் வீட்டில் நான் இருக்கிறேன். மேல் வீட்டில் அவள் இருக்கிறாள். நடு வீடு ரமணா வந்தால் தங்குவதற்கு. அவன் வருவதில்லை, அது பூட்டிக் கிடக்கிறது. எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

நான் சொல்வதை எழுதிக்கொள்கிற சிவசங்கரி எதிர் வீட்டில் குடியிருக்கிற நர்ஸ் பெண். "பேச்சே இல்லாதவங்களப் பத்தி இன்னா ஆயா சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். பேச்சு நின்றால் ஆளைத் தெரியாமல் போய்விடுமா. நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியும் எனக்கு அவளை. நான் சொல்கிறபடி எழுது என்றேன்.

எங்களுக்கு ஊர் ராமகுப்பத்துப் பக்கம். நிலம் கிடையாது. நிலக்காரர் ஒருவருடைய பட்டுப்புழு வீட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சுந்தரம்மா கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினாறு வயசு. வந்த மூன்றாம் நாளே என்னோடு புழுத் தட்டு மாற்ற வந்துவிட்டாள். தழை அள்ளிப் போடும்போது புழுக்களோடு பேசிக்கொண்டே போடுவாள். "துன்னு, துன்னு, இன்னா அவசரம், யாரு புடுங்கிக்கப் போறாங்க" என்று தட்டுத் தட்டாகப் பேசிக்கொண்டு போவாள். பைத்தியமா இவள் என்று முதலில் நினைத்தேன். புழு தழை தின்கிற சத்தம் ஓலைக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். ராத்திரியும் அங்கேயே படுப்போம், அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கூடு கட்டி முடித்து வீடு அமைதியாகிவிட்டால், புரண்டு புரண்டு படுத்துவிட்டு எழுந்து என்னிடம் வருவாள். "அக்கா, எதாவது பேசேன்" என்பாள். எனக்கு அசதியாக இருக்கும். "தூங்குடி" என்பேன்.

மழை பொய்த்த இரண்டு வருஷம் முடிந்ததும் ஊரை விட்டு வந்தோம். தொண்ணூற்று நாலு என்று ரமணா சொல்வான். திருப்பதியில் அப்போது எந்தத் தெருவில் பார்த்தாலும் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோவர்த்தனன் கொத்து வேலைக்குப் போனான். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக நின்றார். அந்த லாட்ஜ் மொட்டை மாடியில் நானும் சுந்தரம்மாவும் போர்வை துவைத்தோம். ஒரு நாளைக்கு நூறு, பிரம்மோத்சவம் என்றால் இருநூறு கூட வரும். நனைந்த போர்வையை ஒருத்தியால் பிழிய முடியாது. இந்த முனையை நான் பிடித்து வலப்பக்கம் முறுக்குவேன், அந்த முனையை அவள் பிடித்து இடப்பக்கம் முறுக்குவாள். சண்டை போட்டுக்கொண்ட நாளிலும் போர்வைக்கு இரண்டு பேர் வேண்டும்.

சண்டை இல்லாத வாரம் கிடையாது. சாம்பாருக்கு உப்பு யார் போட்டது, குழாயடியில் யார் குடத்தை முன்னால் வைத்தது, இப்படித்தான். பேச்சு நின்றுவிடும். ஆனாலும் வேலை நடக்கவேண்டுமே. அவள் போர்வையைப் பார்த்து, "இந்தப் பக்கம் இழுத்துக்கினே கீறாங்க, கிழிஞ்சா யாரு பதில் சொல்றது" என்பாள். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிற காக்காயைப் பார்த்து, "பலம் இல்லாதவங்க பலமா புடிக்கணும்" என்பேன். ஜாடைப் பேச்சு. முகம் பார்க்காமல், பேர் சொல்லாமல், மூன்றாவது ஒன்றிடம் சொல்வது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது வழக்கம். கோபம் கோபமாகவே இருக்கும், சொல்லவேண்டியதும் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் எங்கேயோ சிரிப்பு வந்து பேச்சும் வந்துவிடும்.

அந்த ஒரு தடவைதான் வரவில்லை.

நாகேந்திரன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, குவைத்துக்குப் போனான். ரமணா இன்ஜினியரிங் படித்து அமெரிக்காவுக்குப் போனான். இரண்டு பேரும் சேர்ந்து இந்த வீட்டைக் கட்டினார்கள். மேல் தளம் போடும்போதே கோவர்த்தனன் நெஞ்சுவலியில் போய்விட்டான். வருஷம் திரும்பியதும் கிரகப்பிரவேசம். பால் காய்ச்சுவதற்காகச் சுந்தரம்மா புதிதாக ஒரு வெண்கலப் பானை வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுப்புக்கு முன்னால் உட்காரவும் உட்கார்ந்துவிட்டாள். பலமனேரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, "தாலி அறுத்த கையா பால் வெக்கறது, எழுந்திருக்கச் சொல்லு" என்றாள். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. மூத்தவள் நான். என் வீடு, அவள் வைக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுந்தரம்மா எழுந்தாள். பானையைக் கையில் எடுத்துக்கொண்டாள். மேல் வீட்டுக்குப் படி ஏறிப் போய்விட்டாள். நான் வேறு பாத்திரத்தில் பால் வைத்தேன். அது பொங்கவும் பொங்கியது.

நாலு வருஷத்தில் என் கையும் அவள் கை மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் செத்தபோது அவள் கீழே வந்து பதினாறு நாளும் சமைத்துப் போட்டாள். என்னோடு பேசவில்லை. அடுப்போடு பேசினாள். நானாகப் போய்ப் பேசியிருக்கலாம். அவள்தானே நிறுத்தினாள், அவள் ஆரம்பிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். நான் அப்படித்தான்.

இனி வைஃபை டப்பா கதைக்கு வருகிறேன்.

கொரோனா வந்தபோது ரமணா இங்கே வந்து மாட்டிக்கொண்டான். நடு வீட்டில் இருந்துகொண்டே அமெரிக்க வேலை செய்தான். அதற்காக ஒரு நெட் லைன் இழுத்து, நடு வீட்டுக் கூடத்தில் டப்பா ஒன்று வைத்தான். திரும்பிப் போகும்போது, "லைன எடுக்காதம்மா, நான் தினமும் வீடியோவுல கூப்பிடறேன்" என்று ஒரு போனும் கொடுத்துவிட்டுப் போனான். கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். உள்ளே ஆள் இல்லாமல் டப்பா மட்டும் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

கீழ் வீட்டில் அது எட்டவில்லை. ரமணாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். "படி ஏறிப் பாரும்மா" என்றான். ஏறினேன். நடு வீட்டுக் கதவுக்கு முன்னால் படி திரும்புகிற இடத்தில் முகம் தெளிவாக வந்தது. அங்கேயே உட்கார்ந்தேன். தினமும் சாயங்காலம் ஏழு மணி. அவனுக்கு அங்கே விடிந்து, ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சுந்தரம்மா போனோடு இறங்கி வந்தாள். எனக்கு நாலு படிக்கு மேலே உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நாகேந்திரன் யாரிடமோ கொடுத்தனுப்பிய பழைய போன், கண்ணாடியில் விரிசல் விட்டது. காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "ஆ, நாகேந்திரா, நான்தான். சொல்லு" என்றாள்.

நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், தெருவுக்கே கேட்கும். அவள் காதை விட்டுப் போனை எடுக்கமாட்டாள். அவள் பிள்ளை என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்காது. அழுத்தக்காரி, கேட்டுவிடக்கூடாது என்றுதான் அப்படி வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் நான்தான் ஆரம்பித்தேன். மேலே தண்ணீர்த் தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஈரமாகியிருந்தது. ரமணாவிடம் சொன்னேன், "தொட்டி ரொம்பி வழியுது, தலைக்கு மேல இருக்கறவங்களுக்குக் காதுல விழல போல."

நாலு படிக்கு மேலேயிருந்து பதில் வந்தது. "நாகேந்திரா, மோட்டார் சுச்சு கீழ கீது. போட்டவங்கதான் நிறுத்தணும். நான் இன்னா மூணு மாடி எறங்கியாந்து நிறுத்தறதா? கேளு, நீயே நாயத்த சொல்லு."

ரமணா போனில் சிரித்துவிட்டான். "சித்தியா அது? போனைக் குடும்மா, நான் பேசறேன்."

"உன் சித்திக்கு அவ புள்ள லைன்ல கீறான். நடுவுல பூந்து தொந்தரவு பண்ணாத" என்றேன்.

அதிலிருந்து மூன்று வருஷம். காக்காயும் போர்வையும் இருந்த இடத்துக்கு ரமணாவும் நாகேந்திரனும் வந்தார்கள். எனக்கு முழங்கால் வலி என்று ரமணாவிடம் சொன்னால், "நாகேந்திரா, முட்டிக்கு வெளக்கெண்ண காய்ச்சித் தடவணும். சில பேரு மாத்திரையா மாத்திரையாத் துன்னுட்டு வயித்தக் கெடுத்துக்கறாங்க" என்று பதில் வரும். மறுநாள் நான் உட்காருகிற படியில் சின்னச் சீசாவில் எண்ணெய் இருக்கும். அவள் இருமினால் நான், "ரமணா, தூதுவளை பின்னாடி தொட்டியில மொளைச்சிக் கெடக்குது, பறிச்சிக்க ஆளில்ல" என்பேன். காலையில் செடி மொட்டையாக நிற்கும். ரமணா பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவான். நான் வைக்கமாட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அரை மணி உட்கார்ந்திருப்பேன். அவளும் உட்கார்ந்திருப்பாள். நாகேந்திரனுக்குத்தான் அம்மா மேல் எவ்வளவு பாசம், என் பிள்ளை பத்து நிமிஷம் பேசினால் இவள் பிள்ளை ஒரு மணி நேரம் பேசுகிறானே என்று எனக்குப் பொறாமை கூட உண்டு.

போன வருஷம் ஐப்பசி மழையில் படி வழுக்கிவிட்டது. ரமணாவோடு பேசிக்கொண்டே ஏறும்போது சறுக்கி மூன்று படி கீழே உட்கார்ந்துவிட்டேன். சுந்தரம்மா ஓடி இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு கையில் போன் காதிலேயே இருந்தது. "நாகேந்திரா, கொஞ்சம் இருடா" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை உட்காரவைத்துவிட்டு, தன் படிக்குப் போய், "ஆ, இப்ப சொல்லு" என்றாள்.

ரமணா எல்லாவற்றையும் போனில் பார்த்துவிட்டான். "இனிமே நீ படி ஏறவே கூடாது. இன்னொரு ரௌட்டர் வாங்கி அனுப்பறேன். ரெண்டு டப்பா இருந்தா உன் ஹால்லயும் வரும், சித்தி வீட்டுலயும் வரும். அவங்கவங்க வீட்டுல உக்காந்து பேசுங்க" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது. படியில் உட்காருவது பிடித்திருக்கிறது என்று எந்தப் பிள்ளையிடம் சொல்வது.

டப்பா வந்தது. மாட்டுவதற்குச் செங்கல்வராயன் வந்தான். நகரிக்காரன். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், டிவிக்குக் கேபிள் வந்த காலத்தில் திருப்பதிக்கு வந்து கம்பம் ஏற ஆரம்பித்தான், இப்போது நெட் லைன். நாங்கள் போர்வை துவைத்த லாட்ஜுக்கு அவன்தான் கேபிள் இழுத்தான். அதனால் என்னை அக்கா என்பான்.

"ரெண்டு டப்பாவுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வெச்சிடறேங்க்கா" என்றான். "கீழ இருந்தா கீழ் டப்பாவப் புடிச்சிக்கும், மேல போனா மேல் டப்பாவப் புடிச்சிக்கும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல இந்த ஒயரு. ஒண்ணு பெருசு. அது சொல்றத இன்னொண்ணு கேட்டுக்கும். ரெண்டும் பெருசா இருந்தா ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கும்."

"பெருசு எங்க வெக்கற?"

"மேல. லைன் அங்கதான் கம்பத்துல இருந்து நேரா வருது."

"இந்த வீட்டுல மூத்தவ நான். என் வீட்டு டப்பா மேல் வீட்டு டப்பா சொல்றத கேக்கறதா?"

அவன் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான். "டப்பாவுக்கு மூத்தது இளையது தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும்."

"அப்ப பழசுதான் உங்களுக்கு. அதுதான் பெருசு. புதுசு மேல போயிடும். பெருசு வேணுமா, புதுசு வேணுமா?"

"பெருசு."

முனகிக்கொண்டே லைனை இறக்கிக் கீழே கொண்டுவந்தான். எலி கடித்துவிடும், இரும்பு பீரோவுக்குள் வை என்றேன். "பீரோவுக்குள்ள வெச்சா பீரோதான் பேசும், நீங்க பேச முடியாது" என்று சுவரில் ஆணி அடித்து மாட்டினான். மாடிப்படியின் சந்தில் நீல ஒயர் மேலே ஏறியது. நடு வீட்டைத் திறந்து பழைய டப்பாவை எடுத்தபோது அறை முழுக்கத் தூசு. டப்பா இருந்த இடம் மட்டும் சுத்தமாக, நாலு மூலையாகத் தெரிந்தது. மேலே அவன் சுந்தரம்மாவோடு பேசுவது கேட்டது. "போன் குடுங்கக்கா, போட்டுக் குடுத்துட்டுப் போறேன்." அவள், "என்து நல்லாத்தான் வருது, நீ போப்பா" என்றாள்.

அன்றைக்கு ஏழு மணிக்கு என் கூடத்தில், என் நாற்காலியில், கால் நீட்டி உட்கார்ந்து ரமணாவோடு பேசினேன். முகம் பளிச்சென்று இருந்தது. பத்து நிமிஷம். வைத்துவிட்டான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே கதவு திறக்கிற சத்தம் வருகிறதா என்று ஒரு காது அங்கேயே இருந்தது. வரவில்லை. ஏன் வரப்போகிறாள். அவள் வீட்டிலும்தான் டப்பா இருக்கிறதே. அவள் பிள்ளையோடு அவள் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் போனது. தூதுவளை கிளை விட்டு ஏறி நின்றது. எண்ணெய்ச் சீசா காலியாகி ஜன்னலில் இருந்தது. வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தாமல் விட்டுப் பார்த்தேன். தொட்டி வழிந்து தெருவில் தண்ணீர் ஓடியது. எதிர் வீட்டிலிருந்து சிவசங்கரிதான் வந்து சொன்னாள். மேலேயிருந்து ஒரு வார்த்தை இல்லை.

அவள் இனி படிக்கு வரமாட்டாளா. இதைத்தான் அந்தப் பத்து நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து கூப்பிடவேண்டும் என்றால் பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கூப்பிடவேண்டும்.

செங்கல்வராயனைக் கூப்பிட்டேன். மேல் வீட்டு டப்பா கெட்டுப்போயிருக்கிறது, பேச்சுச் சத்தமே கேட்கவில்லை, வந்து பார் என்று சொன்னேன். அவன் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"நல்லாத்தான் கீதுக்கா. வெளக்கு எல்லாம் எரியுது. உள்ள லைனும் வருது." என் டப்பாவின் எதிரில் நின்று தன் போனை நோண்டினான். "பெருசு உங்ககிட்ட கீது இல்ல, எந்தெந்த போனு ஏறியிருக்குதுன்னு இதுலயே தெரியும். இருங்க, பாக்கறேன்." கொஞ்ச நேரம் பார்த்தான். நெற்றியைச் சொறிந்தான்.

"இன்னாப்பா?"

"மேல் டப்பாவுல ஒரு போனும் ஏறல. மாட்டுன நாள்ல இருந்து."

"நீதான் போட்டுக் குடுக்காம வந்துட்ட."

"நல்லா வருதுன்னு சொன்னாங்களே. அதான் பழையதயும் பாத்தேன். இது நடு வீட்டுல இருந்த டப்பாதானே, இதுல முன்னாடி ஏறுன போனெல்லாம் பதிஞ்சி கீது. ரமணாவோட கம்ப்யூட்டரு, ரமணா போனு, உங்க போனு. அவ்ளோதான். அவங்க போனு ஒரு நாளும் இதுல ஏறவே இல்லக்கா."

"சிம்முல பேசியிருப்பா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன், இப்ப மேல கேட்டுட்டுத்தான் வரேன். அதுல நெட்டே போடறது இல்லியாம். நாகேந்திரன்தான் கூப்பிடுவானாம், மாசத்துல ஒரு வெள்ளிக்கெழம. வண்டி எடுத்துக்கினு பாலைவனத்துக்குள்ள போயிடறானாம், அங்க சிக்னல் ராலேது, வராதுன்னு சொன்னாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அப்ப ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல, இல்லக்கா?"

இல்லை என்றேன். காபி குடித்துவிட்டுப் போ என்று கூடச் சொல்லத் தோன்றவில்லை.

மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மற்ற நாளெல்லாம் அந்தப் போனில் யாரும் இல்லை. மூன்று வருஷம், விரிசல் விட்ட ஒரு கண்ணாடியைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு நாலு படிக்கு மேலே உட்கார்ந்து, "ஆ, நாகேந்திரா, சொல்லு" என்றிருக்கிறாள். நாகேந்திரன் இப்படிச் சொன்னான் அப்படிச் சொன்னான் என்று ஒரு நாளும் அவள் வாயில் வந்ததில்லை. அவள் கேட்டதெல்லாம் என் பேச்சு. அவள் பதில் சொன்னதெல்லாம் எனக்கு. நான் விழுந்த அன்றைக்கும் "கொஞ்சம் இருடா" என்று யாரிடம் சொன்னாள்? புழுவிடம் பேசிக்கொண்டிருந்த பதினாறு வயசுப் பெண் நினைவுக்கு வந்தாள். "எதாவது பேசேன்" என்று வந்து நின்றதும், "தூங்குடி" என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் சிவசங்கரியை விட்டு ரமணாவுக்குச் செய்தி போடச் சொன்னேன். இன்றைக்குக் கூப்பிடாதே, கோவிந்தராஜசாமி கோயிலுக்குப் போகிறேன் என்று. ஏழு மணிக்குப் போனை அணைத்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் கைப்பிடி. பன்னிரண்டு படி ஏறினேன். முழங்கால் என்னைக் கேட்டது, நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. நடு வீட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். படியில் பத்து நாள் தூசு.

செத்த போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

"ரமணா" என்றேன், மேல் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "கீழ சிக்னல் சரியில்லடா. அதான் படிக்கே வந்துட்டேன்."

மேலே கதவு திறக்கவில்லை. தெருவில் ஆட்டோ ஒன்று போனது.

"இந்த மாசம் தூதுவளை மரம் மாதிரி வளந்து கீதுடா. பறிக்கறவங்க ஊருல இல்ல போல."

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது. எழுந்துவிடலாமா என்று கையை ஊன்றியபோது மேலே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, எனக்கு நாலு படிக்கு மேலே நின்றது. நான் திரும்பவில்லை. புடவை உரசுகிற சத்தம், அவள் உட்கார்ந்தாள்.

"ஆ, நாகேந்திரா" என்றாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. "ஊருலதான் கீறேன். எங்க போயிடுவேன். எளந்தளிரா பறிக்கலாம்னு விட்டு வெச்சிருக்கறேன்."

"ரமணா, நான் எண்ணெய் தடவறது இல்ல. சீசா தீந்துபோச்சி."

"நாகேந்திரா, தீந்துபோச்சின்னா சீசாவப் படியில வெக்கணும். ஜன்னல்ல வெச்சா எனக்கு ஜோசியமா தெரியும்?"

 பிறகு அவள், "நாகேந்திரா, உன் அண்ணன் சத்தம் இன்னிக்குக் காணோமே. தினமும் ஊருக்கே கேக்கும். நல்லாத்தான் கீறானான்னு கேளு" என்றாள்.

என் போன் இருட்டாக இருப்பதை அவள் பார்க்காமலா இருந்திருப்பாள். மேலே உட்கார்ந்தால் என் கை அப்படியே தெரியும்.

"ரமணா நல்லா கீறான்" என்றேன். "கேட்டுக்கினு கீறான். இன்னிக்கு நான் சொல்றத கேக்கறேன்னு சொல்லிட்டான்."

 அவள் எழுந்து போகவில்லை.

வாயை ஈரம் பண்ணிக்கொண்டேன். 

"ரமணா, கேளு. இந்த நடு வீட்ட இப்படிப் பூட்டி வெச்சது போதும். வர்ற வெள்ளிக்கெழம தெறந்து, கழுவி, பால் வெக்கணும்னு கீறேன். இந்த வீட்டுக்கு ஒழுங்கா பால் வெச்சதே இல்லடா. அன்னிக்கு நான் வெச்சது பால் வெச்சதுல சேராது. உன் சித்தி கையாலதான் வெக்கணும். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். கூட்டத்துல வாய மூடிக்கினு தரையப் பாத்துக்கினு இருந்தேன். அத உன் சித்திகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

 கதவுக்குப் பின்னால் டப்பாகூட இல்லாத வீடு. எனக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்போதும் நான் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவள் அழுவது நிஜமாகிவிடும், பிறகு இரண்டு பேரும் எழுந்து போகவேண்டியதாகிவிடும்.

"நாகேந்திரா" என்றாள் கடைசியில். "பாலு எத்தினி லிட்டர் வாங்கறாங்கன்னு கேளு. என் பானை மூணு லிட்டர் புடிக்கும்."

"மூணு லிட்டர் வாங்கறேன்னு சொல்லுடா ரமணா."

"பொங்கி வழியணும் நாகேந்திரா. மூணு பத்தாது. மூணரை."

வெள்ளிக்கிழமை நடு வீட்டைத் திறந்தேன். அவள் வெண்கலப் பானையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பன்னிரண்டு வருஷம் யாரும் அடுப்பில் வைக்காத பானை, ஆனாலும் பளபளவென்று இருந்தது. தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். மஞ்சள் வைத்தது அவள், அடுப்பு பற்றவைத்தது அவள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் துடைத்தேன். அவள் அடுப்பைப் பார்த்து, "இந்தப் பக்கம் துடைக்காம விட்டுட்டாங்க" என்றாள். ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு அவள் படிக்கு அவள் போனாள். என் படியில் உட்கார்ந்து நான் குடித்தேன். பின்னால் நடு வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இன்னும் சொல்லவில்லை.

பேச்சு வரவில்லை. வரும் என்றும் நான் சொல்லமாட்டேன். ரமணா கீழ் வீட்டுக் கூடத்தில்தான் இப்போதும் கூப்பிடுகிறான், பத்து நிமிஷம், முகம் தெளிவாக இருக்கிறது. அவன் வைத்ததும் போனை அணைத்துவிட்டுப் படி ஏறுகிறேன். சுந்தரம்மா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று நாலாவது படியில் இல்லை, மூன்றாவது படியில் இருந்தாள்.